உருக்கிக் கொட்டிய பெயர்

உறுமா எழவில்லை.

நான்காவது நாளாகப் பதின்மூன்று பெயர்களையும் ஒரு பிசகு இல்லாமல் அழைத்து முடித்த வாடைக்கோ, அதன் கழுத்தெலும்பிலிருந்து தன் நெஞ்சை விலக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சிறு குன்று அளவுக்குப் பனியில் படுத்துக் கிடந்த அந்த விலங்கு, இடது காதை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தது. கேட்டது போதவில்லை, மிச்சத்தையும் சொல் என்று அந்தக் காது கேட்பதுபோல அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் எரிச்சல் வந்தது.

"அண்ணே, இன்னிக்காவது எந்திரிக்குமா? இல்ல, அடுப்பை மூட்டிரவா?" என்று பின்னாலிருந்து தங்கை தூவி கேட்டாள்.

"மூட்டு."

"நாலு நாளா மூட்டறதும் அணைக்கறதுமாவே இருக்கேன். பானைக்கே சலிச்சுப் போச்சு."

உறுமாவுக்குப் பின்னால் ஒன்பது வீடுகள் சறுக்குக் கட்டைகளின் மேல் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் கட்டி, மூட்டை போட்டு, கயிறுகளை இழுத்து முடிச்சுப் போட்டு நான்கு நாளாயிற்று. பனியின் இளக்கம் தொடங்கிவிட்டது. இன்னும் ஆறு நாள், மிஞ்சினால் ஏழு நாள். அதற்குள் இந்த ஏரிப் பனியைக் கடந்து வடகரைப் பாறைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் குடி நிற்கும் இந்த ஓரப்பனி வரைக்கும் ஏரி வாயைத் திறக்கும். ஓங்கல் குடியில் நாற்பத்து மூன்று பேர்.

நடந்தே போய்விடலாமே என்று வெளியார் கேட்கலாம். பன்னிரண்டு அடி உயரமும் அதற்கேற்ற எடையும் கொண்ட மனிதர்களை இளகிய பனி தாங்காது. உறுமாவின் ஆறு பாதங்களோ முற்றம்போல விரிந்து எடையைப் பரப்பிக்கொள்ளும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குளிர் உலகத்தில் வந்து இறங்கியவர்கள், சாதாரண உடம்பு ஒரு பனிக்காலத்தைக்கூடத் தாண்டாது என்று கண்டு, தங்கள் உயிர்வித்துக்களையே மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பேருருவமாகப் பெற்றார்கள். பெரிய உடம்பில் சூடு தங்கியது. பெரிய நெஞ்சிலிருந்து, அதற்குமுன் எந்த மனிதனாலும் எழுப்ப முடியாத அடிக்குரல் வந்தது. அந்தக் குரல் மட்டும்தான் உறுமாக்களின் காதில் விழுந்தது.

ஓங்கல் குடியின் முதல் அழைப்பாளர் இந்த உறுமாவிடம் தன் பெயரைச் சொன்னார். அது எழுந்தது. அவர் மகன் தகப்பன் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் பெயரையும் சேர்த்தான். அப்படியே தலைமுறைக்கு ஒன்றாகப் பெயர்கள் சேர்ந்தன. மற்ற குடிகளின் உறுமாக்கள் செத்து, புதுக் குட்டிகள் பழகின. ஓங்கல் குடிக்கு மட்டும் இன்றுவரை அதே உறுமா, அதே அழைப்பு. ஒருமுறை சேர்ந்த பெயரை அது மறப்பதில்லை. தன்னிடம் பழக்கிய குரலைத் தவிர வேறு குரலுக்கு அசைவதும் இல்லை. இந்த உலகத்திலேயே மிக நீண்ட அழைப்பு தங்களுடையது என்பதில் ஓங்கல் குடிக்கு இருந்த பெருமையை அளக்க எந்தக் கோலும் போதாது.

பகல் ஏறியபோது, குடித்தலைவர் சேணனின் குடி அந்த வழியாகப் போனது. அவர்களுடைய இளம் உறுமா பதினோரு வீடுகளை இழுத்துக்கொண்டு துள்ளாத குறையாக நடந்தது. மேலே உட்கார்ந்திருந்த சேணன் குனிந்து பார்த்தார்.

"என்ன ஓங்கலாரே, பெரியம்மா இன்னும் தூங்குறாங்களா? எங்களுது அஞ்சே பேரு. ஒரு தும்மல் போடற நேரம், எந்திரிச்சிரும்."

"அஞ்சு பேருக்கு அவ்வளவுதான் மரியாதை இருக்கும்," என்றார் வாடைக்கோ.

சேணன் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. அன்னிக்கு எங்க முன்னாடி சொன்ன சொல்லுல நிக்கிறீங்க பாருங்க. அது பெரிய மனுஷத்தனம்," என்றார்.

அப்படிப் பாராட்டிவிட்டு அவர் போய்விட்டார். ஒரு குழந்தையையாவது ஏற்றிக்கொண்டு போகட்டுமா என்று கேட்கவில்லை. வாடைக்கோவும் கேட்டிருக்க மாட்டார்.

*

அன்று சொன்ன சொல் இதுதான். வாடைக்கோவுக்கு இளைய மகன் ஒருவன் இருந்தான். போன பனிக்காலத்தில் அவனுக்கு அழைப்பைக் கைமாற்றிக் கொடுத்தார். அவன் தன் பெயரைப் பதினான்காவதாகச் சேர்த்தான். உறுமாவும் ஏற்றுக்கொண்டது. அதுவரை எல்லாம் ஒழுங்கு.

அதன் பிறகு அவன் மனைவி ஆலி உண்டானாள். இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே இருப்பவர்கள் சிற்றாட்கள், பின்னால் வந்தவர்கள், சூடேற்றிய கட்டடங்களுக்குள்ளேயே வாழ்கிறவர்கள், ஐந்தடி, ஐந்தரை அடிக்கு மேல் வளராதவர்கள். அவர்களிடம் ஓர் ஊசி இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் தாய்க்குப் போட்டால், பிள்ளையின் வித்தில் இருக்கும் பேருருவம் அணைந்துவிடும். பிறக்கும் குழந்தை சிற்றாளாகவே பிறந்து சிற்றாளாகவே வளரும். அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். வந்ததோடு விடாமல், சாப்பாட்டுக்கு நடுவில் எல்லோர் முன்னாலும் அவன் அதைச் சொல்லவும் செய்தான்.

சிற்றாளின் நெஞ்சுக்கு அடிக்குரல் வராது. அந்தப் பிள்ளை எந்நாளும் அழைக்க முடியாது. பதினான்கு தலைமுறை ஓர் ஊசியோடு முடிந்தது.

பேருருவர்களிடம் இதற்கொரு முறை இருக்கிறது. பெயர் உருக்குதல். குடியைவிட்டு நீக்கப்பட்டவனுடைய பெயரைப் பனிக்கட்டியில் செதுக்கி, கொப்பரையில் போட்டு உருக்கி, அந்தத் தண்ணீரை வாசலுக்கு வெளியே கொட்டிவிடுவார்கள். பிறகு அந்தப் பெயர் எந்த நாவிலும் வரக்கூடாது. மூன்று குடித்தலைவர்கள் சாட்சியாக நிற்க, வாடைக்கோ தம் கையாலேயே செதுக்கினார். அவன் பன்னிரண்டு நாள் பயணத்தில் இருக்கும் துறைமுகத்துக்குப் போய்விட்டான். ஆலி, மறுபடியும் அவ்வளவு தூரம் வயிற்றோடு பயணம் செய்ய முடியாமல் தங்கிவிட்டாள். இருக்கட்டும் என்று விட்டார். பெண்ணை அந்த நிலையில் வெளியேற்றுகிற குடி இல்லை இது.

ஆனால் அவள் வாயை யாராலும் உருக்க முடியவில்லை.

"மாமா, நாலு நாளாச்சு. அவர் பேரச் சொல்லிட்டுப் போயிரலாம்ல? ஆறே எழுத்துதான்," என்றாள், கஞ்சிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துக்கொண்டே.

"எந்த எவர்?"

"சரி, உங்க வீட்டுல முன்னாடி ஒருத்தர் இருந்தாரே, அவரு."

மேசையின் மேல் உட்கார்ந்திருந்த டாக்டர் லூர்து இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் தலை மேசைக்கு மேலே தெரியாது என்பதால், மேசையிலேயே உட்கார்ந்துகொள்வது அவள் வழக்கம். ஓங்கல் குடியின் உணவு மேசையில் ஒரு சிற்றாள் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு வேளையும் வாடைக்கோவுக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவம் பார்க்க அவளை அனுப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை. தெரியும்.

"உறுமாவுக்கு உடம்பு சரியில்லை," என்றார் வாடைக்கோ. "அதுதான் எழமாட்டேங்குது. வயசாச்சு."

"அப்படீன்னா பேரைச் சொன்னாலும் எந்திரிக்காது. சொல்லிப் பாத்துரலாமே," என்றாள் ஆலி.

"ஆலி, உன் மாமியார் இருந்திருந்தா இப்படிப் பேசியிருப்பியா?"

"அத்தை முப்பத்தொம்பது வயசுல போயிட்டாங்க. உங்க மூத்த மகன் இருபத்தாறுல போயிட்டாரு. நம்ம குடியில அம்பதத் தாண்டின நெஞ்சு உங்களுது ஒண்ணுதான்."

"அது விதி."

"விதி இல்ல மாமா. எடை." அவள் தன் வயிற்றின்மேல் கையை வைத்தாள். "இவ்வளவு பெரிய உடம்புக்கு ரத்தம் தள்ளித் தள்ளி ஓஞ்சு போகுது. என் பிள்ள எழுபது வயசு வரைக்கும் மூச்சு விடணும்னு நெனச்சோம். அவ்வளவுதான் நாங்க பண்ண குத்தம்."

வாடைக்கோ கஞ்சியை முடித்தார். கிண்ணத்தை வைத்த சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது. பிறகு, ஒரு சிற்றாளிடம் உதவி கேட்பது எவ்வளவு கசக்குமோ அவ்வளவு கசப்போடு, மேசையைப் பார்க்காமல் சொன்னார்: "டாக்டரம்மா, அதைக் கொஞ்சம் பாருங்க. என்ன நோய்னு சொல்லுங்க."

"ஐயா, நான் மனுஷங்களுக்குத்தான் டாக்டர்."

"எங்களையும் பாக்குறீங்களே."

அவள் இந்தத் தடவை சிரிப்பை மறைக்கவில்லை.

*

டாக்டர் லூர்து கொண்டுவந்தது, ஆலியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்தைக் கேட்கும் வட்டக் கருவி. காதுக்கு எட்டாத சன்னமான, தாழ்ந்த ஒலிகளை எல்லாம் எட்டும்படி உயர்த்திக் கொடுக்கும். அதை உறுமாவின் கழுத்தில் வைப்பதற்கு அவளை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. வாடைக்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கிப் பிடித்தார். குடி முழுவதும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"நிமிஷத்துக்கு நாலு துடிப்பு. ஒரே சீரா இருக்கு," என்றாள் அவள். "என் இதயத்தைவிட நல்லா இருக்கு. நோயெல்லாம் ஒண்ணுமில்ல."

"சரியாப் பாருங்க."

"பாத்துட்டேன் ஐயா. நீங்க ஒருதடவை அழைங்களேன். அப்ப என்ன ஆகுதுன்னு கேக்குறேன்."

அவளை அதன் தோள்மயிரில் உட்கார்த்திவிட்டு, வாடைக்கோ கழுத்தெலும்பில் நெஞ்சைப் பதித்து அழைத்தார். ஒவ்வொரு பெயரும் அவருடைய விலாவிலிருந்து புறப்பட்டு எலும்பு வழியாக இறங்கியது. சுற்றி நின்றவர்களுக்கு அது ஒலியாகக் கேட்பதைவிட உள்ளங்காலில் நடுக்கமாகவே தெரியும். ஏழாவது பெயருக்குப் பிறகு, முறைப்படி, ஏழு மூச்சு மௌனம். பிறகு எட்டாவது பெருங்கோடன். பதின்மூன்றாவது, தாமே. முடித்தார்.

காது தூக்கியது தூக்கியபடி நின்றது.

"நடுவுல ஏன் நிறுத்துனீங்க?" என்று மேலிருந்து கேட்டாள் லூர்து.

"அது எங்க குடியோட மௌனம். வேற எந்தக் குடிக்கும் கிடையாது. பெருநிலை நடந்தப்போ பெருங்கோடன் ஏற்படுத்தினது. செத்தவங்களுக்கு மரியாதை."

"நீங்க மௌனமா இருந்தீங்க. இது இருக்கல."

அவள் கருவியைத் திருகி, பதிவான ஒலியை இன்னும் மேலே ஏற்றி, ஒலிக்கவிட்டாள். முதலில் காற்று உரசுவதுபோல ஏதோ. பிறகு தடித்த, நிதானமான, வயதான ஒரு குரல். விலங்கின் குரல்தான். ஆனால் சொன்னது சொல். மூன்று அசை. திரும்பவும் அதே மூன்று அசை.

*ஆர்கலி. ஆர்கலி.*

கூட்டம் அசையவில்லை. தூவி மட்டும், "பொம்பளப் பேரு மாதிரி இருக்கே அண்ணே," என்றாள்.

"காத்து," என்றார் வாடைக்கோ.

"காத்துக்கு இப்படிப் பேரு சொல்லத் தெரியுமா?"

"ஓங்கல் குடியில பெண் அழைச்சது கிடையாது. கிடையவே கிடையாது."

"உங்களுக்குத் தெரியாம இருக்கலாம் ஐயா," என்றாள் லூர்து. "அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

*

உறுமாவின் தோளிலிருந்து எடுத்த அவளை அவர் தரையில் இறக்கிவிடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டு விலகி, ஓரப்பனியின் விளிம்புவரை நடந்தார். அங்கே பனியின் நிறம் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாறியிருந்தது. அதற்கு மேல் அவரால் கால் வைக்க முடியாது.

"நீங்க என்ன சொல்ல வர்றீங்க? சுருக்கமாச் சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்ல வரல. ஒரு கேள்விதான். அந்தப் பெருநிலைன்னீங்களே, அது என்ன?"

அது என்ன என்று ஓங்கல் குடியில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு புதுப்பனித் திருநாளிலும் வாடைக்கோ எழுந்து நின்று, மற்ற குடிகள் பொறாமையோடு கேட்க, அதைப் பாடுவார். ஏரி உடைந்து பத்தொன்பது பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தில் உறுமா எழுபது நாள் எழாமல் நோன்பு கிடந்தது. ஓங்கல் குடியும் அதைவிட்டு ஓரடி நகராமல் நின்றது. எழுபதாம் நாள் பெருங்கோடன் ஏழு மூச்சு மௌனம் காத்து அழைத்தான், எழுந்தது. விலங்கும் துக்கம் காத்த குடி. இந்த உலகத்தில் வேறு யாருக்கு இந்தப் பெருமை உண்டு?

"நாள் கணக்கு ஏதாவது பாட்டுல வருதா?"

"வரும். எங்க பாட்டுல எல்லாம் துல்லியமா வரும்." நிமிர்ந்து நின்று அந்த இரண்டு அடிகளைப் பாடினார்.

*இளக்கத் திங்கள் இரண்டாம் நாளில் உறுமா கிடந்தது கிடந்ததுவே;*
*நாற்பதாம் நாளின் நடுப்பகல் வேளை நடுங்கிப் பிளந்தது ஏரிப்பனி.*

பாடி முடித்த வாய் மூடவில்லை.

முப்பத்தோரு வருடமாக அவர் பாடி வருகிற அடிகள் அவை. அவருக்கு முன் அவர் தகப்பனார் பாடினார். ஒருவருக்கும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. முதலில் கிடந்தது. முப்பத்தெட்டு நாள் கழித்துத்தான் ஏரி உடைந்தது. செத்தவர்களுக்காக அது கிடக்கவில்லை. அது கிடந்ததனால் செத்தார்கள்.

 லூர்து அப்போது வாயைத் திறந்து, அதுதான் என்று சொல்லியிருந்தால், அவளை அந்தச் சாம்பல் பனியிலேயே இறக்கிவிட்டு வந்திருப்பார். அவள் எடைக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

"ஒரு பேரை எடுத்துட்டாங்க," என்றார் கடைசியில், தமக்கே கேட்காத குரலில். "இது அந்தப் பேருக்காகக் காத்துக்கிட்டுக் கிடந்திருக்கு."

"ஆமா. எழுபது நாள் காத்திருக்கு. அப்புறம் அந்த இடத்துல அதுவே சொல்லிக்கப் பழகிக்கிச்சு. பாவம், வேற வழி இல்ல."

"அப்ப இப்பவும் பழகிக்கும். நானும் கடைசியில ஏழு மூச்சு நிறுத்துறேன். பேரை அதுவே சொல்லிக்கட்டும்." மூன்று குடிகளின் முன்னால் கொடுத்த சொல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததில் அவர் குரல் ஒரு கணம் தெளிந்தது.

"பழகும் ஐயா. எழுபது நாள் ஆகும்." அவள் கீழே சாம்பல் பனியைப் பார்த்தாள். "நமக்கு ஆறு நாள் இருக்கு."

வாடைக்கோவுக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெருங்கோடன்மேல் இருந்தது. பொருளைக் கவனிக்காமல் ராகத்தைக் கவனித்துச் சொல்லிக் கொடுத்த தகப்பனார்மேல் இருந்தது. துறைமுகத்தில் சூடான அறையில் உட்கார்ந்திருப்பவன்மேல் இருந்தது. எதையும் மறக்கத் தெரியாமல் குன்று மாதிரிக் கிடக்கும் அந்த மடவிலங்கின்மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக இருந்தது. ஒரு குடியின் மானத்தைக் கொண்டுபோய் மறதி இல்லாத ஒரு விலங்கிடம் ஒப்படைத்த முதல் முன்னோரைக் கையில் கிடைத்தால் நான்கு வார்த்தை கேட்டிருப்பார்.

அந்தப் பத்தொன்பது பேரின் பெயர்கள் பாட்டில் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

*

"எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க," என்றார் திரும்பி வந்ததும்.

ஒருவரும் போகவில்லை. தூவி இடுப்பில் கரண்டியைச் செருகிக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். ஆலி ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி. நில்லுங்க. பாத்துட்டுப் போய், நான் சொல்லு தவறினவன்னு மூணு குடிக்கும் சொல்லுங்க. திருநாளுக்கு இனிமே நான் எழுந்து பாடப்போறதில்ல. சொல்லு தவறினவன் பாடக்கூடாது. அது நான் வச்ச விதி இல்ல, ஆனா எனக்கும் சேத்துதான்."

"அண்ணே," என்றாள் தூவி. இந்தத் தடவை அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

"அடுப்பை அணை. இன்னிக்கு மூட்ட வேண்டியிருக்காது."

கழுத்தெலும்பில் நெஞ்சைப் பதித்தார். மயிரின் வாடை மூக்கில் ஏறியது. முதல் பெயர் தொடங்கி ஏழு பெயர்கள் இறங்கின. மௌனம் வரவேண்டிய இடத்தில் அவர் ஒரு மூச்சு மட்டும் எடுத்துக்கொண்டு, யாரென்றே தெரியாத, எதற்காக நீக்கப்பட்டாள் என்றும் தெரியாத ஒரு பெண்ணின் பெயரை, தம் குடியின் அழைப்பாளருக்கு உரிய முழுக் குரலில் சொன்னார்.

உறுமாவின் தோல் தலையிலிருந்து வால்வரை ஒருமுறை சிலிர்த்தது. முதுகில் உறைந்திருந்த பனி பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. ஏதோ ஒரு பழைய நோவு தீர்ந்ததுபோல அது நீளமாக மூச்சு விட்டது. அந்த மூச்சில் முன்வரிசையில் நின்றவர்களின் தலைத்துணிகள் பறந்தன.

எட்டு முதல் பன்னிரண்டு. பிறகு தம் பெயர். பிறகு ஒரு கணம்.

எடுத்த பெயரைத் திருப்பிப் போடுவது, உருக்கிய தண்ணீரைத் திரும்பக் கட்டியாக்குவதைவிடக் கடினமாக இருந்தது. நெஞ்சு இரண்டு துடிப்பைத் தாண்டிக் குதித்தது. அறுபத்தொரு வயது நெஞ்சு. ஆலி சொன்ன எடை உள்ளே அழுத்தியது.

*இளமுகடன்*, என்று அழைத்தார்.

கூட்டத்தில் நின்ற எல்லோருடைய உள்ளங்காலும் அதைக் கேட்டது. ஆலி தலையைக் குனிந்துகொண்டாள். வாடைக்கோ நெஞ்சை விலக்கி, பின்னால் நகர்ந்து, எழுகிற விலங்குக்கு இடம் விட்டு நின்றார்.

உறுமா எழவில்லை.

காது அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் உயர்ந்ததுபோலக்கூட இருந்தது.

"இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றார் வாடைக்கோ, மனிதக் குரலில், அழைப்பாளர்கள் எந்நாளும் உறுமாவிடம் பயன்படுத்தாத குரலில். "என் மானத்தக் கொடுத்தாச்சு. குடியோட பாட்டக் கொடுத்தாச்சு. கேட்ட பேரச் சொன்னேன், கேக்காத பேரும் சொன்னேன். இன்னும் என்ன?"

யாரோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தூவி அணைத்த அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். ஏரியின் நடுவிலிருந்து, முதன்முறையாக அந்தப் பருவத்தில், நீளமாக ஏதோ முறியும் ஓசை வந்தது.

"மாமா," என்றாள் ஆலி. கயிற்றை விட்டுவிட்டு மெல்ல நடந்து அவர் பக்கத்தில் வந்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

"போறதுக்கு முன்னாடி ஏழு நாளும் காலையில அவரு இங்க வந்து படுத்துக் கெடந்தாருல்ல. நீங்ககூட, கழுத்தக் கட்டிக்கிட்டு அழறான்னு சொன்னீங்களே. அழல. சேத்துக்கிட்டு இருந்தாரு."

வாடைக்கோ அவளைப் பார்த்தார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தார்.

"அழைக்க முடியாத பிள்ளைய அழைப்புல சேத்தானா?"

"அவளால கூப்பிட முடியாது. ஆனா அவளும் இந்தக் குடின்னு இதுக்காவது தெரியட்டும்னு சொன்னாரு. வேற யாருகிட்ட சொன்னாலும் உருக்கிக் கொட்டிருவீங்கன்னு."

"இத நீ முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?"

"அவர் பேரையே சொல்லாதவரு, இதச் சொல்லுவீங்களா?"

 ஏரி மறுபடியும் முறிந்தது, இந்தத் தடவை கொஞ்சம் பக்கத்தில். சட்டென்று வாடைக்கோ குனிந்தார். அவளுடைய வாய்க்கருகே காதைக் கொண்டுபோனார். அவள் சொன்னாள்.

அவர் முகம் சுருங்கியது. "என்னது?"

அவள் திரும்பவும் சொன்னாள்.

"அது தானியம்."

"துறைமுகத்துல கண்ணாடிக் கூடத்துக்குள்ள விளையுது மாமா. சின்னச் சின்னதா, மஞ்சளா, அழகா இருக்கும். பாத்ததும் ரெண்டு பேருக்கும் தோணிச்சு."

பதின்மூன்று அழைப்பாளர்களும், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும், திரும்பி வந்த ஒருவனும் வரிசையாக நிற்கிற இடத்தில், கடைசியில் ஒரு தானியம். வாடைக்கோ வானத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு மறுபடியும் போய் நெஞ்சைப் பதித்து, முழு அழைப்பையும் முதலிலிருந்து தொடங்கினார். பாதியில் நின்ற அழைப்பைத் தொட்டு முடிக்க இந்த விலங்கு விடாது என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பெயரும் முன்னைவிடக் கனத்தது. மகன் பெயரைச் சொல்லும்போது இந்தத் தடவை நிற்கவில்லை, நேரமில்லை.

*தினை.*

இரண்டே எழுத்து. நெஞ்சுக்குள் உருவாகும்முன் வெளியே போய்விட்டது. அதைச் சொன்னேனா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

உறுமாவின் காது மடங்கியது. முன்கால்கள் இரண்டும் பனியில் ஊன்றின, நடுக்கால்கள் ஊன்றின, பின்கால்கள். வானத்தில் பாதி மறைந்தது. கயிறுகள் ஒவ்வொன்றாக இறுகி ஒலித்தன. ஒன்பது வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு குலுக்குக் குலுங்கி அசைந்தன. யாரோ அலறினார்கள், யாரோ சிரித்தார்கள். தூவி பானையைக் காப்பாற்ற ஓடினாள். டாக்டர் லூர்துவை யாரோ அள்ளி வாசலுக்குள் வைத்தார்கள்.

நகரத் தொடங்கிய வீட்டுப் படியில் ஆலியைக் கைகொடுத்து ஏற்றிவிட்டு, வாடைக்கோவும் ஏறினார். மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றார். ஆலி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் புருஷனுக்குச் சொல்லியனுப்பு," என்றார் கண்ணைத் திறக்காமலே. "பேரு வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்களக் கேக்கணும்னு."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாமா?"

வாடைக்கோ கண்ணைத் திறந்து, சறுக்குக் கட்டைகளின் கீழே பனி நொறுங்குவதை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் நீளமா வைக்கச் சொல்லியிருப்பேன்."